எடுக்கக் கூடாத வரி

தண்ணீர் வந்த அன்று நான் அவளைத் திட்டின திட்டு இருக்கிறதே, அதை இப்போது திருப்பிச் சொல்லச் சொன்னால் நாக்கு கூசும். அன்று கூசவில்லை. விடியக்காலை ஐந்து மணிக்கு முழங்கால் அளவு, ஐந்தரைக்கு இடுப்பளவு. என் சலவைக் கடையின் நாலு இயந்திரமும் சேற்றில் முங்கிக் கிடந்தன. முப்பத்தேழு வீட்டுத் துணியைத் துவைத்து, மடித்து, பெயர்ச்சீட்டு குத்தித் தரையோடு ஒட்டின அலமாரியில் அடுக்கியிருந்தேன். அதில் ஒரு கல்யாணப் பெண்ணின் உடுப்பும் இருந்தது. எல்லாம் ஆற்றோடு சரி. நான் படிக்கட்டில் நின்று மேலே பார்த்துக் கத்தினேன்.

"ஏய் மழைக்காரி! இறங்கி வாடி! நேத்து சாயந்திரம் என்னடி சொன்னே? ஆறு ஒரு விரக்கடை கூட ஏறாது, துணியைக் கீழேயே வைங்கன்னு சொன்னியா இல்லியா?"

அவள் இறங்கி வந்தாள். தண்ணீர் தொடும் படியில் நின்றாள்.

"சொன்னேன் கடைக்கா."

"அப்ப இது என்னடி? என் தலையில கொட்டுறதுக்குன்னே வந்த பன்னீரா?"

தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

மழைக்காரி என்பது நான் வைத்த பெயர்தான். ஆற்று அலுவலகத்தில் வேலை. அங்கே ஒரு கூடம் நிறைய ஒரே இயந்திரம். மலையில் பெய்த மழை, மேலே அணையில் திறந்த தண்ணீர், எல்லாவற்றையும் போட்டால் நாளை எங்கள் கீழத்தெருவில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று சொல்லிவிடும். அதற்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவள் இவள். ஐந்து வருஷமாக தினமும் காலையில் இவள் படியிறங்கும்போது, "துணி காயப் போடலாமாடி?" என்று கேட்பேன். "மூணு மணி வரைக்கும் போடுங்க" என்பாள். மூன்றேகாலுக்குத் தூறும். ஒரு நாள் தப்பினதில்லை.

முதல் மாடியில் அவளும் புருஷனும். அவன் பேருந்து ஓட்டுநர், வாயில்லாப் பூச்சி. இரண்டாம் மாடியில் அவனுடைய அண்ணனும் அண்ணியும். அந்தப் பெரியவர்தான் ஆற்று அலுவலகத்தில் இவள் பிரிவுக்குத் தலைவர். வீட்டில் அத்தான், வேலையில் ஐயா. பெரியவரின் பெண்டாட்டியைத் தெருவில் எல்லோரும் பெரியவள் என்போம். வீடு அதிரப் பேசாத மனுஷி.

உயிர்ச்சேதம் இல்லை. அது ஒன்றைத் தவிர எல்லாச் சேதமும் இருந்தது. இருநூற்றுப் பதினாலு வீடு. அடுத்த நாலு நாள் தெருவே சேறு வாரியது. வெயில் கொளுத்தினதில் சேறு ஓடு மாதிரி இறுகி, மண்வெட்டியால் பெயர்த்து எடுக்க வேண்டியிருந்தது. மழைக்காரியும் ஒரு மண்வெட்டியோடு இறங்கினாள். பூட்டுக் கடைக்காரன் அவள் காலடியில் காறித் துப்பினான். அவள் அதையும் சேர்த்து வாரிக் கூடையில் போட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் அடங்கியது. ஒரு கோப்பைத் தேநீரும் இரண்டு துண்டு ரொட்டியும் கொடுத்து, "உக்காருடி" என்றேன்.

உட்கார்ந்தாள். பிரித்துப் போட்டிருந்த இயந்திரத்தின் வாரை எடுத்து, பழைய பல் தூரிகையால் சேற்றைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"திங்கக்கிழமை விசாரணை. நான்தான் தப்புப் பண்ணேன்னு அத்தான் அறிக்கை குடுத்துட்டார்."

"பண்ணியா?"

"இல்ல கடைக்கா."

"பின்னே?"

"சொன்னா உங்களுக்குப் புரியணுமே."

"ஏன், எனக்கு மண்டையில மூளை இல்லையா, சோப்பு நுரையா? சொல்லுடி."

முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தாள். பிறகு என் கடையை வைத்தே சொன்னாள்.

"நம்ம கடைல முன்னாடி ஒருத்தி நின்னு சீட்டை வாங்கிப் படிக்கிறா. உள்ளே பத்தாயிரம் பேர் துவைக்கிறாங்கன்னு வைங்க. ஒரே நேரத்துல. சீட்டுல இருக்கிறதை அவ படிச்சுச் சொன்னாத்தான் உள்ளே பிரிச்சுக் குடுத்து வேலை நடக்கும். நாங்க எழுதுற கணக்கை அப்படிப் படிச்சு இயந்திரத்துக்கு மாத்திக் குடுக்கிறதுக்குப் பேரு கம்பைலர். முன்னாடி நின்னு படிக்கிற பகுதி இருக்கே, அதுல ஒரு கோளாறு. ஒரு உறைக்குள்ள இன்னொரு உறை வெச்சு, அதுக்குள்ள ஒரு எண்ணை வெச்சுக் குடுத்தா, அவ அதைப் பூஜ்யம்னு படிக்கிறா. கத்த மாட்டா, தப்புன்னு சொல்ல மாட்டா. பூஜ்யம்னு உள்ளே சொல்லிட்டு அடுத்த சீட்டுக்குப் போயிடுவா."

"கட்டையில போறவ. அவளை வேலையை விட்டுத் தூக்க வேண்டியதுதானே?"

"அது வேற கம்பெனிக்காரங்க செஞ்சது. மூணு வருஷம் முன்னாடி பதினோரு நாள் தேடி இதைக் கண்டுபிடிச்சேன். எழுதிப் போட்டேன். அடுத்த பதிப்புல சரி பண்றோம்னு பதில் வந்துச்சு. இன்னும் பண்ணிட்டே இருக்காங்க. அதனால நானே ஒரு வழி பண்ணேன். அந்த எண்ணை உறைக்குள்ள போடறதுக்கு முன்னாடி வேற ஒரு பேர்ல இன்னொரு சீட்டுல எழுதிக் கையில குடுத்துட்டா ஒழுங்காப் படிக்கிறா. அவ்வளவுதான். ஒரே ஒரு வரி. பாக்கிறதுக்கு வெட்டி வேலை மாதிரி இருக்கும். இருக்கிற எண்ணையே எதுக்கு இன்னொரு பேர்ல எழுதணும்னு தோணும்."

"எந்த எண்ணு அது?"

"மேல் அணைலேர்ந்து திறந்து விடற தண்ணி."

தண்ணீர் வருவதற்கு முந்தின சாயங்காலம் எங்கள் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. தண்ணீர் முழுக்க மேலேயிருந்துதான் வந்தது.

"அந்த வரியை யாரோ எடுத்துட்டாங்க" என்றாள். "மூணு வாரமா அணை திறக்கல. பூஜ்யம்தான் சரியான எண்ணு. அதனால யாருக்கும் தெரியல. திறந்த அன்னிக்கு அது பூஜ்யம்னே படிச்சுது. நானும் அதை நம்பி உங்ககிட்ட சொன்னேன்."

"எடுக்காதேன்னு ஒரு குறிப்பு எழுதி வெச்சிருக்கக் கூடாதாடி?"

"வெச்சிருந்தேன். அத்தான் தலைவரா வந்ததும் ஒரு உத்தரவு போட்டார். கணக்கு கணக்காத்தான் இருக்கணும், கதை எழுதக் கூடாது, குறிப்பெல்லாம் எடுங்கன்னு. அவருக்குச் சுத்தம்னா உசிரு. மாசம் எத்தனை வரி குறைச்சோம்னு மேலிடத்துக்குப் பட்டியல் அனுப்புவார். என் கையாலேயே குறிப்பை எடுத்தேன். வரி மட்டும் மொட்டையா நின்னுச்சு."

"அப்ப எடுத்தது…"

"பதிவேட்டுல என் பேருதான் இருக்கு. தேதி, நேரம், எல்லாம். பதினொன்னு நாப்பது. என் மேசைலேர்ந்து, என் பேர்ல." வாரைக் கீழே வைத்தாள். "அந்தத் தேதி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு கடைக்கா. அன்னிக்குத்தான் பெரியக்காவுக்குப் பித்தப்பைக் கல் ஆப்பரேஷன். அத்தானே என் மேசைக்கு வந்து, 'எனக்கு முக்கியமான கூட்டம் இருக்கு, நீ போய் அவகூட இரு, இங்கே நான் பாத்துக்கறேன்'னார். போட்டது போட்டபடி ஓடினேன். திரையைக் கூட மூடல. மறுநாள் வந்து உக்காந்தா எனக்குக் கால் தரையில படல. நாற்காலியை யாரோ உசத்தி வெச்சிருந்தாங்க."

பெரியவர் ஆறடிக்கு மேல். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"படுபாவி! மாடிக்குப் போய் அந்த ஆளைச் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வரேன் பாரு!"

"வேண்டாம். அவர் இல்லேன்னு சொல்லிட்டாப் போச்சு. நாற்காலி சாட்சி சொல்லாது." குரல் உயரவே இல்லை. "அவர் வரியை எடுத்தது எனக்குப் பெருசில்ல. தெரியாம எடுத்தார். வெள்ளம் வந்த அன்னிக்கு மத்தியானம் அவருக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்ச பிறகு உக்காந்து என் பேரை எழுதினார் பாருங்க, அதை நான் விட மாட்டேன். இந்த வேலை போனா எனக்கு இன்னொரு வேலை இல்ல. எந்த ஊர்ல எந்த ஆத்துக்கிட்டயும் என்னைச் சேர்க்க மாட்டாங்க. இந்தத் தெரு ஒவ்வொரு மழைக்கும் என் பேரைச் சொல்லித்தான் துப்பும். அவரை அந்த இடத்துல நிக்க வெக்கணும்."

அன்று சாயங்காலம் முதல் மாடியில் பேச்சு நடந்தது. எங்கள் கட்டிடத்தில் தும்மினால் கீழே 'நூறு வயசு' சொல்லலாம், அவ்வளவு மெல்லிய சுவர். நான் ஒட்டுக் கேட்கவில்லை. வாளியைப் படிக்கட்டில் வைத்துக் கழுவினேன், அவ்வளவுதான்.

"நீயா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா விசாரணையே இருக்காதும்மா" என்றது பெரியவரின் குரல், தேன் தடவினாற்போல். "குடும்ப மானம் சந்தி சிரிக்க வேண்டாம் பாரு. ஆறு மாசம் கழிச்சு நானே வேற இடத்துல சொல்லி விடறேன்."

"அண்ணா சொல்றதும் சரியாத்தானே இருக்கு" என்றான் ஓட்டுநர். "நமக்குள்ளயே முடிச்சுக்கலாமே."

"அத்தான்," என்றாள் மழைக்காரி, "அந்த வரி எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பெரியவர் ஒரு தடவை கனைத்துக்கொண்டார். பிறகு, "முக்கியமான வரி. அதைப் போய் நீ எடுத்துட்டியே" என்றார்.

வாளியைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று இருந்தது எனக்கு.

சனிக்கிழமை பெரியவள் கடைக்கு வந்தாள். ஆப்பரேஷன் செய்த பக்கத்தைக் கையால் தாங்கிக்கொண்டு மெதுவாக நடந்தாள். இன்னொரு கையில் புருஷனின் வெள்ளைச் சட்டை. திங்கட்கிழமைக்குப் பெட்டி போட வேண்டுமாம். எனக்கு மிச்சமிருந்தது ஒரு இஸ்திரிப் பெட்டிதான். மழைக்காரி உள்ளே சேற்றுத் துணியை அலசிக்கொண்டிருந்தாள். ஓரகத்தியைக் கண்டதும் நிமிர்ந்தாள், பேசவில்லை. பெரியவளும் பேசவில்லை. எனக்குத்தான் வாய் நிற்காதே.

"ஏன் பெரியவளே, ஆப்பரேஷன் அன்னிக்கு உன் புருஷன் வந்தாரா?"

"இல்ல. அவருக்குக் கூட்டம் இருந்துச்சு."

"கூட்டமா? அன்னிக்கு எந்தக் கூட்டமும் இல்லக்கா" என்றாள் மழைக்காரி, துணியைப் பிழிந்துகொண்டே.

"இருந்துச்சே. சாயங்காலம் வந்து சொன்னாரே. ஒரு மணி வரைக்கும் நகர முடியலன்னு."

"இல்லக்கா. என் நாற்காலில உக்காந்திருந்தார்."

பெரியவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். பதினொன்னு நாற்பது, வரி, குறிப்பு, நாற்காலி, அறிக்கை, எதையும் விடவில்லை. நான் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறவில்லை. கை மட்டும் வயிற்றை இறுக்கிப் பிடித்தது.

"பதினொன்னரைக்குத்தான் என்னை உள்ளே கொண்டு போனாங்க" என்றாள் கடைசியில். "பயமா இருக்குன்னேன். கதவு வரைக்கும் இவதான் கையைப் பிடிச்சுட்டு வந்தா. கண் முழிச்சப்பவும் இவ கைதான் இருந்துச்சு. அவருக்குக் கூட்டம், பாவம், என்ன பண்ணுவார்னு நெனைச்சேன். என் வயித்தைக் கிழிச்சுட்டிருந்த நேரத்துல அவர் உக்காந்து வரி எண்ணிட்டு இருந்திருக்கார்."

அழவில்லை. நாங்கள் இருவரும் அழுவாள் என்றுதான் நினைத்தோம்.

"துணைக்கு வந்தவங்களுக்கு வார்டுல ஒரு சீட்டு குடுப்பாங்க. உள்ளே போற நேரம், வெளியே வர்ற நேரம், கையெழுத்து. அது என் மருத்துவக் கோப்புல இருக்கு. அந்தக் கோப்பை இவர் ரெண்டு நாளாத் தேடறார். காப்பீட்டுக்குன்னார்." நிமிர்ந்து மழைக்காரியைப் பார்த்தாள். "நான் என் துணிக்கடியில வெச்சிருக்கேன். எத்தனை மணிக்கு விசாரணை?"

"பத்து மணிக்குக்கா. நீங்க யோசிச்சு…"

"யோசிச்சாச்சு. சட்டையை நல்லாப் போட்டு வைங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியேறினாள்.

நல்லாத்தான் போட்டேன். பெட்டியைச் சூடேற்றி முதுகுப் பக்கம் வைத்துவிட்டு, வாசலில் போன பழ வண்டிக்காரனிடம் ஒரு பேச்சுப் பேசிவிட்டு வந்தேன். பழுப்பாக, அச்சு அசலாக, ஒரு இஸ்திரிப் பெட்டி முதுகில் உட்கார்ந்திருந்தது. முன்பக்கம் தெரிகிற மாதிரி மடித்துத் தாளில் சுற்றிக் கொடுத்து அனுப்பினேன். எனக்கும் நாலு இயந்திரம் போயிருக்கிறது, சும்மாவா?

திங்கட்கிழமை தெருவின் சார்பில் இரண்டு பேரை உள்ளே விட்டார்கள். நானும் பூட்டுக் கடைக்காரனும். மூன்று பேர் கொண்ட குழு. நடுவில் நரைத்த தலையோடு ஒரு அம்மாள். அறையில் மின்விசிறி ஓடவில்லை, புழுக்கம் ஆளை அவித்தது. மேல்கோட்டைக் கழற்றலாம் என்று அந்த அம்மாள் சொன்னாள். எல்லோரும் கழற்றினார்கள். பெரியவர் மட்டும் கழற்றாமல் வியர்த்து வடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். என் வயிறு கொஞ்சம் குளிர்ந்தது.

முதலில் பெரியவர் பேசினார். கவனக்குறைவு என்றார், வருத்தம் என்றார், தம்பி மனைவி என்று கூடப் பார்க்காமல் கடமையைச் செய்வதாகச் சொன்னார்.

"அந்த வரி முக்கியம்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அம்மாள் கேட்டாள்.

"தெரியும். நல்லாத் தெரியும்."

"ஏன் முக்கியம்? ஒரே எண்ணை ரெண்டு பேர்ல எழுதியிருக்கு. எனக்கு அது வெட்டியாத் தெரியுதே."

"அது… ஒரு பாதுகாப்புக்கு. கூடுதல் பாதுகாப்பு."

"எதுலேர்ந்து?"

பெரியவர் தண்ணீர் குடித்தார். மழைக்காரி எழுந்தாள். அன்றைய அணைக் கணக்கையே இரண்டு தடவை இயக்கிக் காட்டினாள். வரி இல்லாமல் போட்டால், கீழத்தெருவில் ஏற்றம் பூஜ்யம். வரியோடு போட்டால், விடியக்காலை ஐந்தரைக்கு இடுப்பளவு. நான் நின்ற தண்ணீர் அந்தத் திரையில் நின்றது. மூன்று வருஷத்துக்கு முன் கம்பைலர் கம்பெனிக்கு எழுதின கடிதத்தையும், குறிப்புகளை எடுக்கச் சொன்ன உத்தரவையும் மேசையில் வைத்தாள்.

"எல்லாம் சரிம்மா" என்றாள் அந்த அம்மாள். "ஆனா எடுத்தது உங்க பேர்ல இருக்கே. பதினொன்னு நாப்பது."

"பதினொன்னு நாப்பதுக்கு இவ ஆஸ்பத்திரில இருந்தா."

வாசலில் பெரியவள். ஒரு கை வயிற்றில், ஒரு கையில் சீட்டு. உள்ளே போன நேரம் பத்தேகால், வெளியே வந்த நேரம் நாலரை, மழைக்காரியின் கையெழுத்து, வார்டு முத்திரை. மேசையில் வைத்தாள்.

"நீங்க யாரு?"

"ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டவ. இவரோட சம்சாரம்." புருஷன் பக்கம் திரும்பினாள். "கூட்டம் எப்படி நடந்துச்சுங்க அன்னிக்கு?"

பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மாளைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், கடைசியில் மேசையைப் பார்த்துச் சொன்னார்.

"அது தேவையில்லாத வரி மாதிரி இருந்துச்சு."

பூட்டுக் கடைக்காரன் அவரைப் பார்த்துத் துப்பப் போனான். தரை சுத்தமாக இருந்ததால் விழுங்கிவிட்டான்.

தலைவர் பதவி போயிற்று. வேலையிலிருந்து தூக்கவில்லை, படியிறக்கி அதே பிரிவில் உட்கார வைத்தார்கள். பிரிவுக்குத் தலைவி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் செய்த முதல் வேலை, எடுத்த வரியைத் திரும்பப் போட்டு, அதன் தலையில் ஒரு குறிப்பு எழுதினது. தாளில் எழுதி எனக்கும் படித்துக் காட்டினாள்.

"இந்த வரியை எடுக்காதீர்கள். பயனற்றது போலத் தோன்றும். கம்பைலரின் முன்பகுதியில் உள்ள பிழைக்காகப் போட்டது. இதற்கு முன் இங்கிருந்த குறிப்பை நீக்கச் சொன்னவரும், பிறகு வரியை நீக்கியவரும், பழியை வேறொருவர் மேல் எழுதியவரும் ஒருவரே." கீழே பெரியவரின் முழுப்பெயர், தேதி, பதினொன்னு நாற்பது. அதற்கும் கீழே, "இருநூற்றுப் பதினாலு வீடுகள், ஒரு சலவைக் கடை."

என் கடையும் அதில் இருந்ததில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொரு தடவை படிடி என்று கேட்டேன்.

எட்டு மாதம் போயிற்று. புது இயந்திரங்கள் வந்தன, இரும்பு மேடை கட்டி இடுப்புக்கு மேலே வைத்திருக்கிறேன். ஒரு நாள் காலை மழைக்காரி தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது பெரியவள் வந்து நின்றாள்.

"அந்தக் குறிப்பை எடுத்துடேண்டி. அவர் சரியாச் சாப்பிடறதில்ல. தூங்கறதில்ல. நான் பண்ண வேண்டியதைப் பண்ணிட்டேன், எனக்கு ஆறிடுச்சு. உனக்கும் ஆறட்டும், போதும்."

"அக்கா, நீங்க கேட்டு நான் எதையும் மாட்டேன்னதில்ல. இதைக் கேக்காதீங்க."

"அவர் உன் அத்தான்டி."

"வெள்ளம் வந்த அன்னிக்கு மத்தியானமும் அத்தான்தான்கா."

பெரியவள் நின்று பார்த்துவிட்டுப் போனாள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பெரியவர் அரை ஆளாகிவிட்டதை நானும் பார்க்கிறேனே. சமாதானமாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அந்த வரி இருந்தாத்தானே ஆறு சரியாத் தெரியும். அதை எப்படி எடுப்பே, பாவம் நீயும் என்ன பண்ணுவே?"

"வரி தேவையில்ல கடைக்கா."

"என்னது?"

"போன மாசம் புதுப் பதிப்பு வந்துச்சு. கோளாறைச் சரி பண்ணிட்டாங்க. எடுத்துட்டு நாப்பது தடவை ஓட்டிப் பாத்தேன். சரியா வருது. இப்ப அது நிஜமாவே வெட்டி வரி."

"அப்ப எடுத்துடலாமேடி? வரி போனா குறிப்பும் தானாப் போகுமே?"

"போகும். அதனாலதான் திரும்பப் போட்டுட்டேன். சரியாயிடுச்சுன்னு யார்கிட்டயும் சொல்லல. தினமும் காலைல ஒன்பது மணிக்கு அந்தக் கோப்பைத் திறந்து, அந்த வரி இருக்கான்னு பாத்துக் கையெழுத்துப் போடறது அத்தான் வேலை. நான்தான் போட்டுக் குடுத்தேன்."

"எத்தனை நாளைக்குடி?"

கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"அவர் ஓய்வு பெற இன்னும் ஒன்பது வருஷம் இருக்கு" என்றாள். "துணியைக் காயப் போடுங்க. இன்னிக்கு மழை இல்ல."